வராதவளின் அட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. மழலையர் வகுப்பு டீச்சரான என் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்ததும், "இத எங்கயாவது எழுதி வெச்சுடாத" என்றாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

2

"மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில்..."

மழை பெய்யவில்லை. சோகம் என்றாலே மழையைக் கூப்பிடுவது என் கெட்ட பழக்கம். நல்ல வெயில். அடித்துவிட்டேன்.

அக்கா எழுத்து சொல்லித்தரும் விதம் தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் அந்தப் பிள்ளையுடைய பெயரின் முதல் எழுத்து, உள்ளங்கை அளவில். கீழே பிள்ளையின் புகைப்படம். இரண்டு பேருக்கு ஒரே எழுத்து வந்தால் ஒருவருக்கு வீட்டில் கூப்பிடும் பெயர். காலையில் அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். அட்டைக்குரிய பிள்ளை எழுந்து, எழுத்தை உரக்கச் சொல்லிவிட்டு "வந்துட்டேன்" என்று சொல்லும். ஆள் இல்லையென்றால் வகுப்பே சேர்ந்து "வரல" என்று கத்தும். வருகைப்பதிவும் முடியும், எழுத்தும் மனதில் பதியும்.

அந்த வகுப்பில் இருபத்து மூன்று பேர். கடைசியில் வந்து சேர்ந்ததால் வாயாடியின் அட்டை கடைசி.

(வாயாடி என்பது அக்கா வைத்த செல்லப் பெயர். நிஜப் பெயரையும் அதன் முதல் எழுத்தையும் நான் சொல்லப்போவதில்லை. ஒரு தாயிடம் அனுமதி கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.)

3

வாயாடிக்குச் சுருட்டை முடி, கன்னத்தில் குழி என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அத்தனையும் நானாகச் சேர்த்தது. அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: தன் அட்டை வருவதற்கு நாலு அட்டை முன்பே எழுந்து நின்றுகொள்வாளாம்.

மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

முதல் வரைவில் நான் அவளைச் சாகவிடவில்லை. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாக எழுதினேன். அக்கா படித்துவிட்டு, பொய் சொல்வதற்குத்தான் தலைமையாசிரியை இருக்கிறாரே, நீ வேறு எதற்கு என்று கேட்டாள். பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. அட்டையை எடுத்துவிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். அதனால் அக்கா அதையும் தினமும் தூக்கிக் காட்டினாள். வகுப்பு தினமும் "வரல" என்றது. இரண்டு மாதம் இப்படியே போனது.

4

பிறகு சொற்கள் படிக்கும் பாடம் வந்தது. அக்கா கரும்பலகையில் மூன்றெழுத்துச் சொல் ஒன்றை எழுதினாள். முதல் எழுத்தைச் சரியாகச் சொன்னார்கள். நடுவில் இருந்தது வாயாடியின் எழுத்து. வகுப்பு ஒரே குரலில் "வரல" என்றது. மூன்றாவதையும் சரியாகச் சொல்லி முடித்தார்கள்.

வேறொரு சொல் எழுதினாள். அதிலும் அப்படியே. யாரும் விளையாடவில்லை. அந்த எழுத்துக்கு அதுதான் ஓசை என்று இருபத்திரண்டு பேரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். (இதை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை.)

தலைமையாசிரியை வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறார். திங்கள்கிழமைக்குள் புது அட்டை வேண்டும், புகைப்படத்துக்குப் பதில் வேறு படம் ஒட்டுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் படிக்கத்தானே வருகிறார்கள்? அக்கா புது அட்டை செய்தாள். பழையதை மேசை இழுப்பறையில் வைத்தாள்.

5

திங்கள்கிழமை, மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு வாசலில் வாயாடியின் அம்மா நின்றாள்.

"அந்தத் தாயின் கண்களில் கடலளவு..."

கடலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அக்கா அவள் கண்களைப் பார்க்கவே இல்லை, கைகளைத்தான் பார்த்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற கை, மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"வீட்டுல அவ பேர யாரும் எடுக்குறதில்ல டீச்சர்" என்றாள் அந்த அம்மா. "எடுத்தா நான் அழுதுடுவேன்னு பயம். இங்க தினமும் அவ அட்டையக் காட்டிக் கூப்பிடுறீங்களாமே? பக்கத்து வீட்டுப் பிள்ள சொல்லுச்சு."

அக்கா மேசை இழுப்பறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிடுறேன். தொந்தரவு இல்லன்னா, நாளைக்கும் வரேன்."

6

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்றில் அக்கா பழைய அட்டையை எடுக்கிறாள். அந்த அம்மா மறுநாளும் வருகிறாள், அதற்கு மறுநாளும் வருகிறாள். பிள்ளைகளுக்கு அந்த எழுத்து வராமலே போகிறது.

இன்னொன்றில் புது அட்டை. அந்த அம்மா கடைசிவரை காத்து நின்று, ஒன்றும் கேட்காமல் போகிறாள். எழுதிய கையைக் கழுவவேண்டும் போல இருந்தது.

மூன்றாவதில் அந்த அம்மாவே பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அக்கா படித்துவிட்டு, "பெத்தவ வாயாலயே சொல்ல வெக்கிறியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சரி, நீ என்னதான் செய்தாய் என்று கேட்டேன். மடித்து வைத்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

ஆகவே இந்த இடத்தில் நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இருபத்திரண்டு அட்டைகள் முடிந்தன. இருபத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். புது அட்டை மேசைமேல் இருக்கிறது, பழையது இழுப்பறையில். வரிசை பிள்ளைகளுக்கு மனப்பாடம், அடுத்தது யாரென்று அவர்களுக்குத் தெரியும். "வரல" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு உங்கள் கையையே பார்க்கிறார்கள். வாசலில் அந்த அம்மாவும் உங்கள் கையைத்தான் பார்க்கிறாள்.

எந்த அட்டை?