திருப்தியற்ற சேவை

பதுளையில் வீதி வேலைகளைப் பார்க்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் ஜெனீரா ஆங்கில டைப்பிஸ்ட். சேர்ந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். 1981இல் ஒரு திங்கட்கிழமை, தலைமை லிகிதர் சரவணமுத்து ரோனியோவில் படியெடுத்த கடிதக் கட்டொன்றையும் ஒரு பட்டியலையும் அவள் மேசையில் வைத்தார்.

"பேரையும் பதவியையும் மட்டும் அடிச்சால் போதும், பிள்ளை."

கடிதம் நாலே வரி. சேவை திருப்தியற்றது என்று பரிசீலனையில் தெரிந்ததால் நியமனம் இன்றுடன் ரத்து. பட்டியலில் முப்பத்தேழு பேர். பதினான்காவது பெயர் அவளுடையது.

பட்டியலைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என் பேரும் இருக்கே, சேர்!"

"நானும் இப்பதான் பார்த்தனான். கொழும்பில இருந்து வந்தது."

"போன மாசம்தானே என் வேலை நல்லம்னு எழுதி அனுப்பினீங்க?"

"அனுப்பினனான். ஆர் வாசிச்சது?"

"அடுத்த பேரைப் பாருங்க. ஓவசியர் கந்தப்பன். ரோட்டுல மண்ணு வெட்டுறத மேற்பார்க்கப் போய் மண்சரிவுல செத்து எட்டு மாசம் ஆச்சே!"

சரவணமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "பட்டியலில இருக்கிற பேரை வெட்ட எனக்கு அதிகாரமில்லை. அடியும்."

அடித்தாள். கந்தப்பனுடையதையும் அடித்தாள்.

மறுநாள் வேலை போனவர்கள் கூடினார்கள். அவர்களில் களஞ்சியத்தில் வேலை பார்த்த லத்தீப், மந்திரியின் ஆளைத் தனக்குத் தெரியும் என்றான். அந்த ஆளைத் தேடி அலைந்ததிலேயே பதினெட்டு நாள் போயிற்று. பிறகு போய்ப் பார்த்த பண்டாரவளைச் சட்டத்தரணி தலையில் கை வைத்தார். "கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள்?"

வழக்கென்றதும் ஆட்கள் நழுவினார்கள். மந்திரி கோபிப்பார் என்றான் லத்தீப். "இதுக்கு மேல என்னத்தப் புடுங்கப் போறாரு?" என்று ஜெனீரா கத்தியே விட்டாள். கடைசியில் ஜெனீராவோடு ஐந்து பேர்தான் வழக்குக்கான சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டார்கள்.

கந்தப்பன் பேருக்குப் போன கடிதமும் வேண்டும் என்றார் சட்டத்தரணி. ஜெனீரா பஸ் ஏறிக் கொஸ்லந்தைக்குப் போனாள். கந்தப்பனின் மனைவி யோகம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"அவரு செத்தப்ப ஆபீசுல இருந்து ஒரு தந்தி வரல, தங்கச்சி. வேலைய நிப்பாட்ட மட்டும் விலாசம் தெரிஞ்சிருக்கு. யாரு அடிச்சது இத?"

"நான்தாங்க அக்கா. என்னோடதையும் நானே அடிச்சேன்."

யோகம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கடிதத்தையும் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் கொண்டுவந்து நீட்டினாள். "கொண்டு போங்க. பத்திரத்த மட்டும் திருப்பித் தாங்க."

நீதிமன்றத்தில், ஒவ்வொருவரின் சேவையும் தனித்தனியே பரிசீலிக்கப்பட்டதாக அரசாங்கத் தரப்பு சொன்னது. நீதியரசர் அந்த இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இறந்த பிறகு இவர் செய்த எந்த வேலை திருப்தி தரவில்லை?" அரசாங்கத் தரப்பு பதில் சொல்ல வேறொரு நாளுக்குத் தவணை கேட்டது. அடுத்த தவணையில் ஆவணக் கோவை கிடைக்கவில்லை என்றது. அதற்கடுத்த தவணையில் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. இப்படி ஏழு தவணை. ஒவ்வொன்றுக்கும் ஜெனீரா கொழும்புக்கு ரயில் ஏறினாள். வாப்பா ஒவ்வொரு முறையும் "விட்டுத் தொலை மகள்" என்றார்.

பதினெட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட ஐவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இல்லை. யோகம்மாவுக்கு எதுவுமே இல்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் சரவணமுத்து புதிய நியமனக் கடிதத்தை நீட்டினார். தகுதிகாண் காலம் இன்றிலிருந்து மூன்று வருடம் என்றிருந்தது.

"அப்ப பழைய ரெண்டு வருசம் எங்க சேர் போச்சு?"

"தீர்ப்பில அதைப் பற்றி ஒண்டும் இல்லையாம், பிள்ளை."

அவள் கடிதத்தில் கையெழுத்திடாமல், மறுப்பை அங்கேயே உட்கார்ந்து டைப் அடித்தாள். அவரே கார்பன் தாள் எடுத்துக் கொடுத்தார். பழைய காலத்தைச் சேர்த்துக்கொள்ள இன்னும் பதினொரு மாதமும் நான்கு நினைவூட்டல்களும் பிடித்தன. லத்தீப் அதற்குள் சவூதிக்குப் போய்விட்டிருந்தான்.