நடுங்காத விளக்கு

வானாய்வகத்தில் ஆய்வாளர் இடத்துக்கான நேர்முகத்தை மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே இணையத்தில் பேசலாம். ஆனால் நான் செய்த கருவியை இயக்கிக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் 'கருவி' என்று எழுதியபோதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விண்மீன் மினுங்குவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் காற்று. சூடும் குளிர்ச்சியுமாக அது கலங்கும்போது ஒளி அலைகிறது. அந்த அலைச்சலை அளந்து, அதற்கு எதிராகக் கண்ணாடியை அசைத்தால் பிம்பம் நிலைக்கும். தகவமை ஒளியியல் என்பது இதுதான். என்னிடம் இருந்தது பழைய ஒலிபெருக்கிச் சுருள்களில் ஒட்டிய நாணயமளவு கண்ணாடி, சிறு தொலைநோக்கி, ஒரு கேமரா. பகலில் நன்னிலத்தில் ஒரு பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடியை அசைக்கும் நிரலை மாலை வகுப்பில் கற்றுக்கொண்டு எழுதினேன்.

விண்மீனுக்குப் பதில் எங்கள் வயலுக்கு அப்பால் மோட்டார் கொட்டகையில் ஒரு விளக்கு. மாடியிலிருந்து பார்ப்பேன். அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த தரையில் வெயில் ஏற ஏற விளக்கு ஆடும். கண்ணாடியை இயக்கினால் ஆட்டம் குறையும். குறைந்ததா, குறைந்ததாக நான் நினைத்துக்கொள்கிறேனா என்று தினமும் நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தேன். சென்ற ஆண்டு நேர்முகத்துக்கே அழைக்கவில்லை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

கோடை விடுமுறையிலும் பள்ளி ஆய்வகத்தில் இருப்புக் கணக்கெடுப்பு இருந்தது. அன்று அதை முடித்து ஓடிவந்து, நேராக மாடியேறிக் கம்பிகளை இணைத்தேன். திரையில் மூன்று பேர். விளக்கைக் காட்டினேன். கண்ணாடியை இன்னும் இயக்கவில்லை. விளக்கு அசையாமல் நின்றது. இயக்கினேன். அப்போதும் அப்படியே நின்றது.

இதில் எது முன், எது பின் என்று ஒரு பேராசிரியை கேட்டார்.

நிரலைப் பார்த்தேன். சுருளைத் தொட்டுப் பார்த்தேன், அசைந்தது. கேமராவும் சரி. கடைசியாகத்தான் தலையைத் தூக்கி வயலைப் பார்த்தேன். வரப்புக்கு வரப்பு தண்ணீர் மின்னியது.

மாடிப்படியில் அண்ணன் இளஞ்செழியன் நின்றிருந்தான்.

"என்ன குந்தவை, நல்லா நிக்குதா?"

"வயலுக்குத் தண்ணி விட்டியாண்ணே?"

"காலையிலேருந்து மோட்டார் ஓடுது. தரை கொதிக்குது, விளக்கு ஆடுதுன்னு தெனம் நீதானே பொலம்புன? எப்படியும் குறுவை நடவுக்கு உழவு ஓட்டணும், இன்னைக்கே நனைச்சு விட்டேன். பாரு, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"ஆடணும்ணே! ஆடுனாத்தான் நான் நிறுத்திக் காட்ட முடியும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஒலிவாங்கி திறந்திருந்தது. நடந்ததை ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒருவர் சிரித்துவிட்டார். காரணம் சரியாக இருக்கலாம், ஆனால் உங்கள் கருவி வேலை செய்ததை நாங்கள் இன்னும் பார்க்கவில்லையே என்றார் பேராசிரியை.

எனக்கு வேண்டியது கொஞ்சம் சூடான காற்று. படிக்கட்டுப் பக்கம் குனிந்து கத்தினேன்.

"அம்மா! தோசைக்கல்ல நல்லா காய வச்சு மேல எடுத்துட்டு வாம்மா!"

"இந்த நேரத்துல யாருக்குடி தோசை?"

"காத்துக்கு!"

கல் காயும்வரை மூவரிடமும் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அம்மா இடுக்கியில் பிடித்து ஏற்றிவந்த கல்லைத் தொலைநோக்கிக்கு முன்னால், ஒளி வரும் பாதைக்குக் கீழே செங்கல்மேல் வைத்தோம். விளக்கு தாறுமாறாக ஆடியது. கண்ணாடியை இயக்கினேன். பெரிய ஆட்டம் அடங்கியது. மெல்லிய நடுக்கம் மட்டும் மிச்சம்.

"இன்னும் கொஞ்சம் ஆடுதே," என்றான் அண்ணன் காதோரம்.

அதையேதான் அவர்களிடமும் சொன்னேன். என் கேமரா மெதுவானது, வேகமான நடுக்கத்தை அது பிடிப்பதற்குள் காற்று மாறிவிடுகிறது. கேட்காததை ஏன் சொன்னோம் என்று உடனே தோன்றியது. பேராசிரியை கல்லை விளக்கின் அருகே கொண்டுபோனால் என்னாகும் என்று கேட்டார். ஆட்டம் குறையும், தொலைநோக்கியின் அருகில் இருக்கும் கலக்கம்தான் பிம்பத்தை அதிகம் ஆட்டும் என்றேன். விளக்கின் பக்கம் நான் கைகாட்டியதை மட்டும் புரிந்துகொண்டு அண்ணன் கல்லோடு கீழே இறங்கிவிட்டான். நேரம் முடிந்து அவர்கள் விடைபெற்றபோது, அவன் முழங்கால் சேற்றில் தோசைக்கல்லோடு நடப்பது திரையில் தெரிந்தது.

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் சேர வேண்டும்.

"தண்ணி விட்டது யாரு?" என்கிறான் அண்ணன்.

அவர்கள் பார்த்தது கண்ணாடியையா, தோசைக்கல்லையா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. கிளம்புவதற்குள் காய்ந்த தரையில் இன்னொரு முறை அளக்க வேண்டும். வயலில் நடவு ஆகிவிட்டது, அறுப்பு வரை காயாது. அதனால் பிற்பகலில் ஊருக்கு வெளியே தார்ச்சாலையின் ஓரத்தில் அளக்கிறேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் எதிர்முனையில் நிற்கிறான். அந்தப் பக்கம் ஒழுகிக்கொண்டு தண்ணீர் லாரி வந்தால் வழியிலேயே நிறுத்துவது அவன் பொறுப்பு.