கழுத்துக் கட்டை

அந்தக் கட்டையைச் செய்தது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உடைந்த பெஞ்சிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, அதில் ஒரு ஓட்டை, கழுத்தில் மாட்ட ஒரு கயிறு.

என் நாலாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். அவர்கள் வீடுகளில் ஒன்பது மொழி. வகுப்புக்குள் பொதுமொழி மட்டும்தான். வீட்டு மொழியில் யாராவது வாய் திறந்தால் கட்டை அவர் கழுத்துக்குப் போகும். மாட்டிவிடும் வேலையைக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். யார் காதில் விழுகிறதோ அவர் எழுந்து வந்து மாட்டலாம். விளையாட்டு மாதிரி இருக்கட்டுமே என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

தலைமையாசிரியைக்கு ஏக சந்தோஷம். "நாடு ஒண்ணு, குரலும் ஒண்ணு. உங்க வகுப்பைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும் டீச்சர்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாயாடி என்று நான் பெயர் வைத்த பெண்ணிடம்தான் கட்டை அதிகம் இருந்தது. அவளுடைய தங்கை ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் மதிய இடைவேளை முடியும் நேரம் அந்தக் குட்டி, பக்கத்திலிருந்த ஜன்னலில்லாத வரைபட அறைக்குள் ஒளிந்திருக்கிறாள். காவலாளி உள்ளே பார்க்காமல் வெளியே மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வாயாடிக்கு அது எட்டவில்லை. மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்து, தன் மொழியில் என்னென்னவோ கொட்டினாள்.

நான் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கட்டையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினேன்.

"பொதுமொழியில சொல்லு. முடியலைன்னா பேசாம உட்காரு. மணி அடிக்கிற வரைக்கும் கழட்டக் கூடாது."

தாழ்ப்பாள் என்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசைப் பையன் ஒருவனுக்கு அவள் மொழி தெரியும். அவனும் வாய் திறக்கவில்லை. அதையும் நான்தான் பழக்கியிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. "தச்சர் வேலை நடக்குது, கணக்கைப் பாருங்க" என்றேன். ஒரு மணி நேரத்தில் சத்தம் நின்றது. மணி அடித்த பிறகு ஆயாம்மாதான் தாழ்ப்பாளைத் திறந்து, மயங்கிக் கிடந்த குழந்தையைத் தூக்கிவந்தார். மூச்சு இருந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கதவு சாத்தினாலே வீடு அதிர அலறுகிறாளாம், பள்ளிக்கு அனுப்பவில்லை.

வாயாடி வந்தாள். தினமும் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, எந்த மொழியிலும்.

இரண்டு மாதம் போயிற்று. தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். பேசலைன்னா பேச்சு வராத பிள்ளைங்க பள்ளிக்கு மாத்திடலாம்."

பேச்சு வராத பிள்ளையா அவள்? அந்த அறையில் இப்போது தாழ்ப்பாளே இல்லை, உள்ளே ஆளும் இல்லை. ஆனாலும் மதியக் கணக்கு வகுப்பில் எனக்கு டொக், டொக் கேட்கிறது. சாக்பீஸ் கையிலிருந்து விழுகிறது. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார்கள். கட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்ட பிறகும் என் வகுப்பில் யாரும் வீட்டு மொழி பேசுவதில்லை.

வியாழக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா என்னை உட்காரச் சொல்லவில்லை. "உள்ள இருந்தப்போ என்ன சொல்லிக் கூப்பிட்டதா சின்னவ சொல்றா?" என்று கேட்டேன். அவர் தன் மொழியில் சொன்னார். என் நாக்கு புரளவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். ஏழு தடவை சொன்னார், எட்டாம் தடவை அழுதுவிட்டார். பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை, கணக்கு வகுப்பு. அவள் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, அவள் மொழியில் சொன்னேன்: அக்கா, நான் இங்கேதான் இருக்கிறேன், கதவைத் திற.

வாயாடி என்னைப் பார்த்தாள். எழுந்து என் மேசைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்து கட்டையை எடுத்துவந்தாள். குனிந்திருந்த என் கழுத்தில் மாட்டினாள், கயிறு முடியில் சிக்காமல் பார்த்து.

பிறகு பேசினாள். பொதுமொழியில், ஒரு பிழை இல்லாமல், என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு.

"மணி அடிக்கிற வரைக்கும் கழட்டக் கூடாது."

எழுந்து கரும்பலகைக்கு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கட்டை என் நெஞ்சில் இடித்தது. டொக், டொக். மணி அடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.