எலுமிச்சைச் சோதனை

அறுபது அவகாடோப் பழம், ஒன்றரை மணி நேரம். கீற்று எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், நசுங்கக் கூடாது, கறுக்கக் கூடாது. சரியாகச் செய்துவிட்டால் பழைய இடத்தில் பழைய கத்தியோடு இருக்கலாம். பிசகினால் நாளை முதல் பின்புறத் தொட்டியில் பாத்திரம் கழுவப் போக வேண்டும். நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவளுக்கு மாஸ்டர் கொடுத்த வரவேற்பு இதுதான்.

அந்த ஓட்டல் சமையலறையில் அவளுக்குச் சிட்டு என்று பேர். அவள் கத்தி பலகையில் கொத்துகிற வேகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பேரை வைத்தார்கள். மாஸ்டருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு, அது அவர் காதில் விழாது. குக்கர். கோபம் வருமுன் மூக்கால் உஸ்ஸென்று காற்று விடுவார். அந்தச் சத்தம் கேட்டால் விவரம் தெரிந்தவன் நாலடி தள்ளி நிற்பான்.

"இருநூறு பேர் சாப்பாடு. பன்னெண்டரைக்கு முதல் தட்டு போகணும். கை சரியாயிடுச்சுல்ல?"

"சுத்தமா சரியாயிடுச்சு மாஸ்டர்."

பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். அவள் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கும், நீளும், பிடிக்கும். உணர்ச்சி மட்டும் கிடையாது. நாலு மாதம் முன்பு பாதிப் பழத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த கொட்டை மேல் கத்தியால் ஒரு போடு போட்டாள். இங்கே எல்லாரும் அப்படித்தான் கொட்டை எடுப்பார்கள். கொத்து, திருகு, கொட்டை கத்தியோடு வந்துவிடும். அன்றைக்குக் கொட்டை வழுக்கிவிட்டது. கத்தி விரல்களின் அடியில் இறங்கியது. தைத்த டாக்டர், தோல் சேரும், நரம்புக்குத் தான் உறுதி சொல்ல முடியாது என்றார். அவர் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

இந்த விஷயம் உலகத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும். அந்த ஒருத்தி இப்போது இரண்டு முழத் தூரத்தில், சின்னக் கத்தியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். நாத்தனார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். போன மாதம் வீட்டில் சிட்டு அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டிருந்தாள். விரல் கொப்பளித்திருப்பதை நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாய் ஓயாத பெண் அவள்.

"அண்ணி, மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்று அவள் இப்போது காதோரம் கிசுகிசுத்தாள். "இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்லேன். கத்தி போயிடும், தொட்டிக்குப் போவேன். அங்க கொதிக்கிற தண்ணி. கை வெந்தாக்கூடத் தெரியாது எனக்கு. அதுதான் உன் ஆசையா?"

"ஆசையாம் ஆசை. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணன் என்னைத்தான் கேக்கும்."

"உங்கண்ணன் கேக்கட்டும். நீ வாயைத் தைச்சுக்க, தோலை உரி."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. இதற்கு மேல் பேச நேரமில்லை.

சிட்டு வீட்டில் மூன்று வாரம் பழகி வந்திருந்தாள். விரல் சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும் என்பதுதான் அவள் கண்டுபிடித்த ஒரே வழி. பழத்தைக் கையில் ஏந்துவதே இல்லை. வலது கட்டை விரலால் காம்புப் பக்கம் லேசாக அழுத்திப் பதம் பார்ப்பாள். பிறகு பலகையில் படுக்க வைத்து, கொட்டையில் முட்டும் வரை கத்தியை இறக்கி, கத்தியை அசைக்காமல் பழத்தை மட்டும் உருட்டுவாள். ஒரு சுற்று முடிந்ததும் பழத்தைத் திருப்பி வைத்து இன்னொரு சுற்று. இப்போது பழம் நாலு துண்டு. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திருகினால் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கடைசித் துண்டில் கொட்டை தனியாக நிற்கும், கட்டை விரலால் நெம்பினால் போதும். அப்புறம் தோலை நுனியில் கிள்ளி இழுத்தால் சட்டை கழற்றுவது போல வந்துவிடும். வராத இடத்தில்தான் நாத்தனாரின் சின்னக் கத்திக்கு வேலை. கீற்றுப் போடுவதும் அவள்தான்.

இடது விரல்கள் எங்கே இருக்கின்றன, கத்தி எங்கே இருக்கிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வெட்டினாள். இமைக்கக்கூடப் பயம். பத்துப் பழம், இருபது, இருபத்தெட்டு. கழுத்தில் வியர்வை இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் நேரம் போகும்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன இது? பழத்தைத் தூங்க வைக்கிறியா? கையில ஏந்து, கொட்டையில ஒரு போடு, ஒரு திருகு. இதுல பாதி நேரம் ஆகாது."

"நேரத்துக்கு முடிச்சிடுவேன் மாஸ்டர்."

"சிட்டுன்னு பேர் வெச்சாங்க. ஆமையா திரும்பி வந்திருக்கே."

உஸ்ஸ் என்றது மூக்கு. நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடினாள். மாஸ்டர் நகர்ந்தார். அன்றைக்குக் கத்தி இறங்கியதும் இதே மேஜையில், இதே மனிதர் அவசரப்படுத்தியபோதுதான் என்பதை நினைத்ததும் சிட்டுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விழுங்கிக்கொண்டு இருபத்தொன்பதாவது பழத்தை எடுத்தாள்.

நாற்பது முடிந்தபோது மணி பதினொன்று நாற்பது. கீற்றெல்லாம் பெரிய தட்டத்தில் பச்சையும் மஞ்சளுமாய் அடுக்கியிருந்தது. மேஜையிலிருந்து தக்காளி எடுக்க வந்த சூப்காரர் தட்டத்தின் மேல் குனிந்தார்.

"மாஸ்டர், இங்க கொஞ்சம் வாங்க. இது என்ன?"

நடுவில் ஒரு கீற்றின் மேல் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

அந்தச் சமையலறையில் இதற்கு ஒரு சட்டம் உண்டு, மாஸ்டர் போட்டது. ரத்தம் மாதிரி எதைக் கண்டாலும் மேஜையைத் தொட்டவர்கள் எல்லாரும் கையைக் கழுவிவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். சமையல்காரர் கையில் பழைய கீறல் ஆயிரம் இருக்கும், கண்ணை நம்ப முடியாது. அதனால் மாஸ்டர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே வருவார். புதுக் காயம் உள்ளவன் துள்ளுவான், தட்டம் முழுக்கக் குப்பைக்குப் போகும். யாரும் துள்ளாவிட்டால் பீட்ரூட் சாறு தெறித்தது என்று வைத்துக்கொண்டு அந்த ஒரு கீற்றை எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைப் பரிமாறுவார்கள்.

மூன்று பேர் நின்றார்கள். முதலில் சூப்காரர். நடுவில் சிட்டு. கடைசியில் நாத்தனார்.

தன் ரத்தம்தான் என்று சிட்டுவுக்குச் சந்தேகமே இல்லை. கழுவும்போது விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் போட்ட இடத்தின் மடிப்பில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. உள்ளே எங்கேயாவது கிழிந்திருக்கலாம். கிழிந்தால்தான் தெரியாதே!

சூப்காரர் இரண்டு கையையும் நீட்டினார். சாறு சொட்டியது. அவர் கொட்டாவி விடாத குறை.

அடுத்தது அவள். வலது கையில் சாறு விழுந்தது, ஒன்றும் இல்லை. இடது கையில் விழுந்தது, விரல் இடுக்கில் ஓடி மணிக்கட்டில் வழிந்தது. மணிக்கட்டில் குளிர்ச்சி தெரிந்தது. விரல்களில் அதுவும் இல்லை.

"சரி, தள்ளு," என்றார் மாஸ்டர்.

தப்பித்தாள்! வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், கத்தி அவளுடையது. ஆனால் இருநூறு பேர் வாயில் போகிற சாப்பாடு அது. அவள் ரத்தம் கலந்த தட்டத்தைத் தெரிந்தே வெளியே அனுப்பிவிட்டு இந்தக் கையால் நாளைக்கு எப்படிக் கத்தி பிடிப்பது? போனால் கத்தி போகட்டும்.

"மாஸ்டர், என்னோடது சேத்தி இல்ல."

"என்னது?"

"எனக்கு எரியாது. இந்த ரெண்டு விரல்லயும் உணர்ச்சி இல்ல. வெட்டினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ரத்தம் என்னோடதா இருக்கும். தட்டத்தைக் கொட்டிடுங்க."

மாஸ்டர் உஸ்ஸென்றுகூடச் சொல்லவில்லை.

"காலையில சரியாயிடுச்சுன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"கத்தியைக் கீழ வை."

கத்தி ஏற்கெனவே மேஜை மேல்தான் இருந்தது. அவள் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மாஸ்டர் வரிசை முடியட்டும் என்பது போல, பாதி கவனத்தோடு நாத்தனார் கையில் சாற்றைப் பிழிந்தார்.

"ஆ! அம்மா!"

நாத்தனார் கையை உதறிக்கொண்டு குதித்தாள். தன்னைக் காப்பாற்ற நடிக்கிறாள் என்றுதான் சிட்டு முதலில் நினைத்தாள். மாஸ்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார், அந்தக் கையை வெடுக்கென்று பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கட்டை விரல் நுனியில் மயிரிழை அளவுக்குப் புது வெட்டு. அழுத்தியதும் சிவப்பு துளிர்த்தது. மாஸ்டர் அவளை விட்டுவிட்டு சிட்டுவின் இடது கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார், மடிப்பைக்கூட விலக்கிப் பார்த்தார். பழைய தழும்பைத் தவிர ஒரு கீறல் கிடையாது.

"எப்போ வெட்டிக்கிட்டே?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"தெரியல மாஸ்டர்." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி கையையே பாத்துட்டிருந்தேன். எங்க வெட்டிக்குமோ, எங்க வெட்டிக்குமோன்னு... என் கையைப் பாக்கவே இல்ல."

"அடி பைத்தியமே," என்றாள் சிட்டு. காலையில் வாயைத் தைச்சுக்க என்று சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. நாத்தனாரை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு, அவளை விடாமலே, மாஸ்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"என் கை இப்படி ஆனது உங்க வழியில வெட்டித்தான். கையில ஏந்து, ஒரு போடு போடுன்னீங்க. நாலு மாசம் வீட்ல கிடந்தேன், ஒருநாள்கூட உங்களைக் குத்தம் சொல்லல. இன்னிக்கு நாப்பது பழம் வெட்டியிருக்கேன், ஒரு கீறல் இல்ல. தொட்டிக்குப் போன்னா போறேன். ஆனா என்னை ஆமைன்னு சொல்லாதீங்க."

மாஸ்டர் தட்டத்தைத் தூக்கி நாற்பது பழத்தையும் குப்பையில் கொட்டினார். சூப்காரரிடம் மருந்துப் பெட்டியையும், குளிர் அறையிலிருந்து இன்னொரு பெட்டிப் பழத்தையும் கொண்டு வரச் சொன்னார். மணி பதினொன்று ஐம்பது. நாத்தனார் விரலில் கட்டோடு ஓரமாக உட்கார வைக்கப்பட்டாள். கத்தி பிடிக்க ஆளில்லை, அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

ஒரு பழத்தை எடுத்தார். சுற்றி வெட்டினார், திருகினார், கொட்டையோடு இருந்த பாதி அவர் உள்ளங்கையில் தானாகப் போய் உட்கார்ந்தது. முப்பது வருஷப் பழக்கம். கத்தியை ஓங்கினார்.

சிட்டு மூச்சைப் பிடித்தாள். ஓரத்தில் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஓங்கிய கத்தி அப்படியே நின்றது. மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார், அதில் இருந்த பழத்தைப் பார்த்தார். மெதுவாக அதைப் பலகையில் வைத்தார். தள்ளி வைத்திருந்த கத்தியை எடுத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி சிட்டுவிடம் நீட்டினார்.

"முதல்ல இருந்து காட்டு," என்றார். "வேகமா வேண்டாம்."