கேள்வி கேட்கும் திரை

கார்ட்டூன் ஸ்டூடியோவில் அவளுக்குப் பெட்டிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அத்தனை பேர் வரைந்த படங்களும் போய்ச் சேரும் கணினிச் சேமிப்புப் பெட்டி அவள் பொறுப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே எவர் வேலை பிந்தினாலும் பெட்டிதான் கோணல்.

அன்று காலை முதலாளி ஒரு விற்பனையாளரோடு வந்து நின்றார். முதலாளி வேறு யாருமல்ல, அக்காவின் கணவர். மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். படங்களைக் கோத்துக் காட்சியாக்கும் ரெண்டர் மெஷின்களோ நத்தையாக ஊர்ந்தன.

“பழைய பெட்டியத் தூக்கிடலாம். புதுச இவரே பாத்துப்பாரு. சர்வர் ரூம் சாவிய அவருகிட்ட குடுத்துட்டு நீ முன்னாடி ரிசப்ஷன்ல உக்காரு.”

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. “பெட்டி மேல தப்பே இல்ல, அத்தான். அதுகிட்ட கேக்கற விதம்தான் தப்பு.”

ஒரு முழுநீளப் படத்தைப் பெட்டியிலிருந்து இழுத்தாள். சிட்டாய் வந்தது. அதே அளவுக்குத் தனித்தனி ஓவியங்களை இழுத்தாள். முக்கி முனகி வந்தன.

“ஒரே பெட்டி, ஒரே ஒயரு. நாம ஒவ்வொரு ஓவியத்தையும் தனி ஃபைலா வெக்கிறோம். இப்ப ஃபைல எடுத்துத் தர்ற எஸ்.எம்.பி. முறை ஒவ்வொண்ணுக்கும் கதவத் தட்டி, விசாரிச்சு, படிச்சு, மறுபடி சாத்திட்டு வருது. படிக்கறதவிட விசாரணைதான் ஜாஸ்தி. ரெண்டர் மெஷினுங்கள என்.எஃப்.எஸ்.னு இன்னொரு முறைக்கு மாத்தறேன். அது இவ்ளோ பேசாது.”

“ரெண்டு முறையும் கலந்தா, ஒரு ஃபைலுக்கு ஒண்ணு போட்ட பூட்டு இன்னொண்ணுக்குத் தெரியாம போகலாம், மேடம்” என்றார் விற்பனையாளர். மனிதர் சொன்னது சரிதான்.

“அதான் ரெண்டர் மெஷினுங்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி. எழுதறதுக்குத் தனித்தனி ஃபோல்டர். வரையறவங்க பழையபடியே இருக்கட்டும்.”

“தொடாத!” என்றார் அத்தான். “ஏதாவது ஆச்சுன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

அவர் நடுத்தெருவுக்கு வந்தால் அக்காவும் கூடவே வருவாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்புறமா வேலைய விட்டுத் தூக்குங்க. இப்ப முடிச்சுக்கறேன்.”

மாற்றினாள். மெஷின்கள் வேகம் பிடித்தன. ஆனாலும் பெட்டியின் மூச்சுத் திணறல் முழுதாக அடங்கவில்லை. யார் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

முதலாளியின் கண்ணாடி அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. யார் எத்தனை ஓவியம் வரைந்தார்கள் என்று கண்காணிக்க அவர் ஆசையாக மாட்டியது. இருக்கிற ஓவியம் ஒவ்வொன்றையும் குட்டிப் படமாகக் காட்ட, நாள் முழுக்க அது பெட்டியைத் திறந்து திறந்து படித்துக்கொண்டிருந்தது.

“அத்தான், பெட்டியப் போட்டுப் பிராணன வாங்கறது உங்க டிவிதான்.”

ஓவியர்கள் சட்டென்று குனிந்து வரைந்தார்கள். விற்பனையாளர் கூரையை ஆராய்ந்தார். அத்தானின் முகம் சிவந்தது.

“எல்லார் முன்னாடியும் என்ன பேச்சு இது? சாவிய எடு!”

அவள் சாவியை எடுத்தாள். எல்லோரும் பார்க்கத் தன் அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையில் கோத்துக்கொண்டாள்.

“தர மாட்டேன். படம் நாளைக்குப் போகணுமா, நாங்க வரையறத நீங்க உக்காந்து எண்ணணுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க.”

 அத்தான் கண்ணாடி அறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரிய திரை அணைந்தது.