கடலைப் பார்த்த அறை

கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று விடுதி வரவேற்பறையில் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்று வாங்கினார் என் அக்கா வீட்டுக்காரர். ஆள் ஏசி மெக்கானிக். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

"வெயில் பட்டா கூலிங் நிக்காது."

அதன்பின் அக்கா திரைப் பக்கம் போனாலே முறைத்தார்.

நான்கு நாளும் இதே கூத்துதான். அருங்காட்சியகத்தில் ஊரே பழைய பாய்மரக் கப்பலைச் சுற்றி நிற்க, இவர் கூரையில் இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்து, "ஃபில்டர் கழுவி ஆறு மாசமாவது இருக்கும்" என்று தீர்ப்பு சொன்னார். இதற்கா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தோம்? படகில் போகலாம் என்றால், "உப்புக்காத்து எனக்கு ஒத்துக்காது" என்றார். பெரிய ராஜ பரம்பரை!

கடைசி நாள் காலையில், அறையைச் சுத்தம் செய்ய வந்த பணிப்பெண் திரையை ஒதுக்கினார். ஜன்னல் முழுக்கக் கடல். மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அக்கா ஜன்னலுக்கு ஓடினாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்!"

வந்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டி, வெளிச்சுவரில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"அதானே பார்த்தேன்! துருப்பிடிச்சுக் கிடக்கு."