குளிர் இல்லாத கூல் பார்

இந்தக் குளிர் இனி எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும் என்று தவமலர் கேட்டாள், மூடியைத் திறந்து திறந்து பார்க்காவிட்டால் பின்னேரம் வரைக்கும் தாங்கும் என்று கடையின் ஐஸ் மிஷின் பார்க்கிற பரராசசிங்கம் சொன்னார், சொல்லிக்கொண்டே ஐஸ்கிறீம் பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதைப்போல, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவள் கேட்க, உருகமுன்னம் குடுக்கலாம், உருகினபிறகு ஊத்தலாம், முதலாளி நீங்கள்தானே என்றார், அது மின்சாரம் நின்ற நாள், யாழ்ப்பாணம் முழுவதற்கும் நின்றது, இனி வராது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது, அவள் கடையின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டுத் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், மீன்காரி, கள்ளுத் தவறணையிலிருந்து வந்தவர்கள், செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர்கள் கூட வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வாங்கிக்கொண்டு, சாவீட்டுக்குப் போறவனுக்கு ஐஸ்கிறீம் தந்து கெடுக்கிறாய் பிள்ளை என்று சொல்லிச் சொல்லித் தின்றார்கள், சுடலைக்குப் போகிற பாதையெல்லாம் அன்றைக்கு வனிலா வாசம், வியாபாரம் முடிந்துபோன நாளில் இத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்களே என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வருடங்கள் கழிந்து இன்றைக்கு அந்தக் கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி இருக்கின்றன, இயக்கம் பாஸ் கொடுக்கும் கந்தோரின் முற்றத்தில், வரிசையில் அவளுக்கு முன்னால் அவர் நிற்கிறார், குடாநாட்டை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் வேண்டும், பாஸ் வேண்டுமென்றால் இங்கேயே இருக்கப்போகிற ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும், போனவர் வராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், பரராசசிங்கத்தின் அக்கா கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்து நிற்கிறாளாம், தம்பியைக் கூட்டிக்கொண்டு போகக் கடுதாசியெல்லாம் சரிப்பண்ணி வைத்திருக்கிறாளாம், பொறுப்பு நிற்க அவருக்கு இங்கே வேறு சொந்தமென்று ஒருவருமில்லை, நேற்றுக் காலை கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டே, எனக்கொரு பொறுப்பு நிப்பீங்களோ, அக்காவைப் பாத்துப்போட்டுப் பொங்கலுக்கு முன்னம் வந்திடுவன் என்று கேட்டார், அவள் சரி என்றாள், யாரோ கொஞ்சம் சீனி கேட்டதுபோல, வந்திடுவன் என்பதை அவர் மனதாரத்தான் சொல்கிறார், போனவர்கள் எல்லோரும் மனதாரச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள், ஒருவரும் வரவில்லை.

நில்லுங்கள் என்று சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை, கடையில் வேலை செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போகப்போகிறோம் என்றபோதெல்லாம் சம்பளத்தையும் ஓலைச்சரையில் பொதிந்த பனங்கட்டியையும் கொடுத்து ஒழுங்கை முடக்குவரை கூடப்போய் வழியனுப்பினாள், காரணம் எதிர்ப்புறத்துப் புடவைக்கடை, இன்னும் ஒருநாள் நில்லடா தம்பி, சாமான்களை ஏத்திப்போட்டுப் போ என்று முதலாளி தன் விற்பனைக்காரனைக் கேட்டார், அவன் நின்றான், அந்த ஒருநாளில் ஷெல் விழுந்தது, பிறகு அவனுடைய தாய் காலையில் வந்து அந்தக் கடைக்கு முன்னால் நிற்பாள், பேசமாட்டாள், அழமாட்டாள், வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுப் போய்விடுவாள், தவமலர் தன் கல்லாவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எவரையும் நிறுத்துவதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவு, நிற்கிறவர் தன் மனதோடு நிற்கட்டும், அப்படி நின்றவர் ஒருவர்தான், ஐஸ் மிஷின் பார்க்க வந்தவர், மிஷின் செத்துக்கிடந்தபோதும் காலையில் வந்து அதற்கு எண்ணெய் பூசித் துடைப்பார், செத்ததுக்கு ஏன் குளிப்பாட்டிறீங்கள் என்று அவள் கேட்டால், செத்ததைத்தானே குளிப்பாட்டிறது என்பார், அப்பா உயிரோடிருந்தவரைக்கும் பரா அண்ணை என்று கூப்பிட்டவள் அப்பா செத்த முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்குப் பிறகு அண்ணையை விட்டுவிட்டாள், பராவும் வரவில்லை வாயில், ஒன்றும் சொல்லாமலே கூப்பிடப் பழகிக்கொண்டாள், குவளையைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

குளிர் இல்லாமல் எப்படிக் கூல் பார் நடத்துவது, அவளுடைய தம்பி லண்டனிலிருந்து பூட்டிப்போட்டு வா அக்கா என்று எழுதினான், அவள் ஈரமணலில் மண்பானைகளைப் புதைத்து நன்னாரி போட்டு வைத்தாள், சவ்வரிசியைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிப் பனங்கட்டிப் பாகு விட்டு, பழைய உயரக் குவளையில் ஊற்றி, நீளக் கரண்டியும் போட்டு ஸ்பெஷல் என்று பெயர் வைத்தாள், சூடான கூல் பார் என்று ஊர் பகிடி பண்ணியது, பண்ணிக்கொண்டே வந்தது, பெண் பார்க்கிறவர்கள் வந்தார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், கூல் பாரில் தற்செயலாகச் சந்தித்ததுபோல இரண்டு குடும்பமும் இரண்டு மேசையில் இருந்துகொள்ளும், அந்த வழக்கத்தைச் சண்டையாலும் நிறுத்த முடியவில்லை, குண்டு விழுகிற ஊரில் இவர்கள் சாதகம் பார்க்கிறார்களே, பிள்ளைக்குச் சங்கீதம் தெரியுமோ என்று கேட்கிறார்களே, என்ன மனிதர்கள் என்று அவள் ஸ்பெஷலைக் கலக்கிக்கொண்டே வியப்பாள், ஒருநாள் மாப்பிள்ளையின் தாய், கொஞ்சம் நிறம் காணாது போல என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும்போது பிளேன் வந்தது, கடைக்குப் பின்னால் பரராசசிங்கம் பனங்குற்றி அடுக்கிக் கட்டிய பங்கருக்குள் எல்லோரும் விழுந்தடித்து இறங்கினார்கள், நிலம் அதிர்ந்தது, மண் உதிர்ந்தது, வெளியே வந்தபோது மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் கையைப் பிடித்தபடி இருந்தாள், விடவேயில்லை, நிறத்தை விடுங்கோ, பிள்ளை என்ரை தலையைத் தன்ரை மடியிலை மூடிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தவள், எனக்கு இவள்தான் வேணும் என்றாள், சாதகம் பொருந்தாட்டிலும் பங்கர் பொருந்தியிட்டுது என்று பரராசசிங்கம் தவமலருக்கு மட்டும் கேட்கச் சொன்னார், அவள் சிரிப்பை அடக்க மாட்டாமல் உள்ளே ஓடினாள்.

அந்தச் சோடிக்குப் பிறந்த பிள்ளை, ஐஸ் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை, அம்மா பொய் சொல்லுறா, தண்ணி கல்லாகாது என்று அடம்பிடித்ததாம், தாய் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து வைத்தாள், இதிலை ஒருக்கா மிஷினை ஓட்டேலாதோ அக்கா என்றாள், மண்ணெண்ணெய் தங்கத்தைப்போல இருந்த காலம், விளக்குக்கே துளித் துளியாக விடுவார்கள், இது காணாது பிள்ளை என்று தவமலர் திருப்பிக் கொடுக்கமுன் கதை பரவிவிட்டது, அடுத்தடுத்த நாட்களில் கல்லா மேசை முழுக்கப் போத்தல்கள், கிரைப்வோட்டர் போத்தல், சென்ற் போத்தல், யாரோ தேவாலயத்துத் தீர்த்தப் போத்தலில் கூட, எங்கடை பிள்ளையளுக்கும் காட்டுங்கோ, அவ்வளவுதான் கேட்டார்கள், பரராசசிங்கம் தோட்டத்து வாட்டர் பம்பின் என்ஜினைக் கொண்டுவந்து பெல்ட் போட்டார், ஒரு சொட்டுப் பெற்றோலை என்ஜினின் மூக்கில் காட்டி உதைத்தார், அது இருமியது, புகை கக்கியது, பிறகு ஓடியது, பின்னேரம் மூடியைத் திறந்தபோது வெள்ளைப் புகை எழும்பிற்று, வரிசையில் நின்ற பிள்ளைகள் ஒரே மூச்சாக அமைதியானார்கள், கோயில் திரை விலகும்போது கூட அந்த அமைதியை அவள் கண்டதில்லை, குச்சியில் உறைந்த முதல் ஐஸ்பழத்தை அந்தப் பிள்ளையின் கையில் வைத்தாள், சுடுது என்று கையை உதறியது பிள்ளை, சுடுது அம்மா என்று, பிறகு நக்கிப் பார்த்தது, கண்கள் அகன்றன, பரராசசிங்கம் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையா என்று அவள் பார்க்கவில்லை, அந்த நிமிடத்தில் அவளுக்கு ஒரு சொல் நாக்குநுனிவரை வந்தது, இந்த மனிதர் இல்லாமல் எனக்கு ஒருநாளும் வேண்டாம் என்பதன் சொல், அதை விழுங்கிவிட்டு அடுத்த பிள்ளைக்கு ஐஸ்பழம் எடுத்தாள்.

வரிசை நகர்கிறது, அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார், வேறை ஆருமெண்டா ஏன் போறாய் எண்டாவது கேட்டிருப்பினம், அவள் சொல்கிறாள், நான் கேக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, தெரியும் என்கிறார் அவர், தெரிஞ்சுகொண்டுதான் இவ்வளவு காலமும் நிண்டனான், அவருடைய சட்டைக் கொலர் பின்பக்கம் நைந்து நூல் விட்டிருக்கிறது, இதை யார் கொழும்பில் தைத்துக் கொடுப்பார்கள் என்று ஒரு விசர் யோசனை வருகிறது, புடவைக்கடைக்கு முன்னால் நிற்கிற அந்தத் தாயின் முகம் வருகிறது, நிறுத்தினால் தானும் அந்த முதலாளிதான், நிறுத்தாவிட்டால் யார், முறை வந்துவிட்டது, மேசைக்குப் பின்னால் இருந்த பொடியன், மீசை இப்போதுதான் அரும்பியவன், மரியாதையாகத்தான் கேட்கிறான், அக்கா, இவர் வராட்டி நீங்கள்தான் பொறுப்பு, விளங்குதுதானே, இவர் உங்களுக்கு என்ன முறை, பேனையை அவள் பக்கம் தள்ளுகிறான், அவள் பேனையை எடுக்கிறாள், அது எடையே இல்லாமல் இருக்கிறது, திரும்ப மேசையில் வைக்கிறாள், பின்னால் நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பரராசசிங்கம் இப்போதுதான் திரும்புகிறார், அந்த முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, முழு முற்றத்துக்கும் கேட்குமோ என்ற எண்ணம்கூட இல்லாமல் அவள் சொல்கிறாள், நீங்கள் போறதுக்கு என்னாலை பொறுப்பு எடுக்க ஏலாது, போகாமல் இருந்து உங்களுக்கு ஏதும் நடந்தால், அதுக்கு எடுக்கிறன், ஆர் வந்து என்ரை வாசல்லை நிண்டாலும் நான் பதில் சொல்லுறன், போகாதேங்கோ, பரா.